காயாத கண்கள்

நவம்பர் 4, திங்கள்

மழை. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்க மறந்து, மறுபடி எல்லாவற்றையும் அலசினேன். கேஸ் தீர்ந்துவிட்டது. மத்தியானம் பன்னும் வாழைப்பழமும்.

‘மணமகள்’ படத்தைத் தொட்டுப் பார்த்தேன். புடவை காய்ந்துவிட்டது. மாலையும் நாற்காலியும் காய்ந்துவிட்டன. அவள் கழுத்தில் இருக்கும் அந்தக் கை கல்லாக இறுகிவிட்டது. கண்கள் மட்டும் இன்னும் விரலில் ஒட்டுகின்றன. எண்ணெய் வண்ணங்களில் கறுப்புதான் பெரிய சோம்பேறி, அதுவும் ஐப்பசி மழையில். ஐந்தாறு முறை திருத்தித் திருத்திக் கனமாகப் பூசியிருக்கிறேன். அதனால்தான் காயவில்லை. வேறு எதுவும் இல்லை.

டிசம்பரில் ஓவியக் காட்சி. என் பெயரில் தனியாக நடக்கும் முதல் காட்சி. நுழைந்ததும் எதிர்ச்சுவரில் இந்தப் படம்தான் என்று கேலரியில் முடிவு செய்துவிட்டார்கள். ஞாயிறு மலரில் படத்தைப் போட்டு, ‘அந்தக் கட்டைவிரல் ஒன்று போதும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். முரளியோடு குடும்பம் நடத்திய எட்டு வருடமும் நான் தூரிகையைத் தொடவில்லை. டர்பென்டைன் வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அந்த வீட்டைவிட்டு வந்தபின் வரைந்த முதல் படம் இது. நாற்பத்தொரு வயதில் கொஞ்சம் ஆடினால் தப்பில்லை.

நவம்பர் 6, புதன்

வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நகல் கேலரிக்கும் போயிருக்கிறது.

அனுப்பியவர் சாத்தூர்ப் பக்கத்தில் பெத்லகேம் ஸ்டூடியோ நடத்தும் ஜெபசிங். என் ‘மணமகள்’ அவருடைய அப்பா தேவசகாயம் 1979இல் எடுத்த புகைப்படத்தின் நகலாம். ஞாயிறு மலரில் பார்த்தாராம். பின்னால் தொங்கும் திரைச்சீலையில் குளமும் அன்னமும் இருக்கிறதல்லவா, அந்த அன்னத்தை வரைந்தது அவர் அப்பாவாம். கழுத்து கோணிப்போன அன்னம் உலகத்திலேயே அது ஒன்றுதானாம்.

போட்டோவைப் பார்த்து வரைந்தது உண்மைதான், நான் ஒளிக்கவேயில்லை. பழைய பிரேம் விற்கும் கடையில் கிடைத்தது. கடைக்காரர் மரச்சட்டத்துக்குத்தான் விலை சொன்னார், உள்ளே இருந்த பெண் இலவசம். பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை, நெற்றியில் பெரிய வட்டமாக ஏதோ தங்கம். நாற்காலிக்குப் பின்னால் புருஷன். அவன் கை அவள் கழுத்துக்குப் பின்னால் போய், அந்தப் பக்கம் நாலு விரல்நுனி மட்டும் தெரிகிறது. கல்யாணத்தன்று எடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் அவனை எடுத்துவிட்டுக் கையை மட்டும் வைத்துக்கொண்டேன். நெற்றி வட்டத்தை நெற்றிச்சுட்டி ஆக்கினேன். காலடியில் வெள்ளையாக ஒரு நாடா கிடந்தது, மெட்டி வரைய இடைஞ்சலாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

கேலரிக்காரி ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கிறாள்: மாதக் கடைசிக்குள் தீர்த்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் இந்தப் படத்தை மாட்ட முடியாது. இந்தப் படம் இல்லாமல் அந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம்? மற்றதெல்லாம் பூந்தொட்டிகள்.

நவம்பர் 8, வெள்ளி

பெனாசிர் அலுவலகம். கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்ச், இப்போது ராயப்பேட்டையில் வக்கீல். ஃபீஸ் கேட்டால் பிரியாணி வாங்கித் தரச் சொல்வாள். பழைய போட்டோவை மேசைமேல் வைத்தேன். பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறது. அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“பார்த்து வரையலன்னு சொல்ல முடியாது. அவங்க போட்டோல இல்லாதது உன் படத்துல என்ன இருக்கு? அதைச் சொல்லு. அதுதான் நம்ம பிடி.”

“நிறம். அவனை எடுத்துட்டேன்.”

“எடுத்தது இருக்கட்டும். என்ன சேர்த்த?”

“கட்டைவிரல்.”

அவள் போட்டோவையும் என் படத்தின் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். போட்டோவில் நாலு விரல்நுனிதான். என் படத்தில் இந்தப் பக்கம், காதுக்குக் கீழே, கட்டைவிரல் அழுந்தியிருக்கிறது. சதை அதைச் சுற்றி வெளுத்திருக்கிறது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“கற்பனை.”

“யாராவது மாடல் உட்கார்ந்தாங்களா? கேப்பாங்க கோதை.”

“கற்பனைன்னு எழுதிக்கோயேன்.”

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

நவம்பர் 9, சனி

கேஸ் வந்தது. வெங்காயம், டர்பென்டைன், ஹாலுக்கு பல்பு. கழுத்துக்குப் பிசியோதெரபி. புதுப்பெண் ஒருத்தி. எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டாள். பாத்ரூமில் வழுக்கியது, நாலைந்து வருடம் ஆகிறது என்றேன். விழுந்தால் இந்த இடத்தில் வலிக்காதே மேடம் என்றாள். அடுத்த வாரம் வேறு ஆளைக் கேட்க வேண்டும். இது ரொம்பப் பேசுகிறது.

நவம்பர் 11, திங்கள்

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். ஈரம் தூசியை இழுக்கும் என்று மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன்.

அந்தக் கண்களில் ஒரு கோளாறு இருக்கிறது. உயிருள்ள யாருக்கும் இரண்டு கண்ணும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. ஒன்று துளி சிறுத்திருக்கும், ஒன்று முதலில் சிரிக்கும். இவளுக்கு இரண்டும் ஒரே அச்சு. அவை யாரையும் பார்க்கவில்லை. ஆனால் நான் எங்கே போனாலும் இங்கே வராதே என்று சொல்கிற மாதிரியே இருக்கிறது. போட்டோவிலும் அப்படித்தான். நான் உள்ளபடி எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். காபி எடுத்துக்கொண்டு அறைக்குள் போகும்போது வாசலில் ஒரு கணம் நிற்கிறேன். என் வீட்டில் நான் யாரிடம் அனுமதி கேட்கிறேன்?

நவம்பர் 13, புதன்

முரளி போன் செய்தார். எடுக்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது. கை ஓடவில்லை.

ஜெபசிங் நேரில் வந்திருந்தார், பெனாசிர் அலுவலகத்துக்கு. ஐம்பது வயதிருக்கும். கல்யாணங்களுக்கு ட்ரோன் விட்டுப் படமெடுக்கிறாராம். சண்டைக்காரர் மாதிரி இல்லை. உட்காரச் சொன்னபிறகுதான் உட்கார்ந்தார். பழைய நெகட்டிவ் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, அந்த அன்னம்தான் சாட்சி என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மேடம், மணமகள்னு பேர் வச்சிருக்கீங்களே. அது கல்யாணப் போட்டோ இல்ல மேடம். சாவுப் போட்டோ.”

பெனாசிர் பேனாவைக் கீழே வைத்தாள்.

“சுமங்கலியாப் போன பொண்ணு. அதான் பட்டும் மாலையும். நெத்தில ஒட்டியிருக்கது காசு. காலடில வெள்ளையாத் தெரியுதே, பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டுன துணி. அப்பா திரைச்சீலையை சைக்கிள்ல சுருட்டி எடுத்துட்டு இழவு வீட்டுக்குப் போவாங்க. உயிரோட இருக்கையில ஒரு போட்டோ எடுக்காத வீடுங்கதான் அதிகம்.”

“கண் திறந்திருக்கே,” என்றேன்.

“அது அப்பா வரைஞ்சது. கண்ணைத் திறந்து குடுங்கன்னு கேப்பாங்க. பிரிண்ட் மேல சின்ன பிரஷ்ல போட்டுக் குடுப்பாங்க.”

பையிலிருந்து மூன்று பழைய போட்டோக்களை எடுத்து மேசையில் பரப்பினார். மீசை வைத்த ஒரு பெரியவர். பல் விழுந்த கிழவி. பத்து வயதுப் பையன். மூன்று பேரும் ஒரே கண்களால் என்னைப் பார்த்தார்கள். நான் கொண்டுபோயிருந்த போட்டோவில் அவளும் அதே கண்களால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாருக்கும் ஒரே கண்ணுதான் மேடம். அப்பாவுக்குப் பார்க்காம வரையத் தெரிஞ்ச கண்ணு அது ஒண்ணுதான். எங்க அம்மா கண்ணு.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். “காசுக்காக நான் நோட்டீஸ் விடல. ஞாயித்துக்கிழமை பேப்பரைப் பிரிச்சா எங்க அம்மா பாக்காங்க. கீழ உங்க பேர் மட்டும் இருக்கு. அப்பா பேரும் சேர்ந்து இருக்கணும், அவ்வளவுதான்.”

முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். படி இறங்கும்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

நவம்பர் 16, சனி

பிணத்துக்கு நெற்றிச்சுட்டி வைத்திருக்கிறேன். மெட்டி போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு நெற்றிக்காசு தெரியவில்லை. எங்கள் அம்மாவுக்கு நானே ஒட்டியிருக்கிறேனே. கண் திறந்திருந்தது, அதனால் மற்ற எதையும் நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடப் பயமாக இருக்கிறது.

கண் இன்னும் காயவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

பெனாசிர் போனில் ஒரே உற்சாகம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவென்றால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தானாம், ஸ்டூடியோவுக்கு இல்லையாம். “அந்தப் புருஷன் உயிரோட இருந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. ஜெபசிங்கே பேர் சொல்லிட்டாருடி. இவ்வளவு நல்ல எதிராளி எனக்குக் கிடைச்சதே இல்ல. ‘அவர் சரின்னா எனக்கும் சரி’ன்னுட்டாரு.”

பெயர் குருவையா. தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். ஊர் வீட்டை இடித்தபிறகு இங்கே அம்பத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாராம். அந்தப் போட்டோ எப்படிக் கடைக்கு வந்தது என்று இப்போது புரிகிறது.

அவள் பெயர் வெள்ளத்தாய். இத்தனை நாள் அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றுகூட நான் நினைக்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

குருவையாவிடம் பேசினேன். விஷயத்தைச் சொன்னேன். “நானே வாரேன் தாயி. மகனுக்குத் தெரிய வேண்டாம்,” என்றார்.

புருஷனைச் சந்திக்கப் போகிறேன். அந்தக் கைக்கு இன்னும் ஒரு உடம்பு இருக்கிறது என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. ஹாலைப் பெருக்கினேன். கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, குடை. உயரமெல்லாம் கூனிப்போய், என் தோளுக்குத்தான் வருகிறார். காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். “சாத்தூர் சேவு தாயி. மருமக ஊருக்குப் போய்ட்டு வந்தா.” இவருக்காகவா தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன்!

படத்தின் முன் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, நேரே கையைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் தூக்கி, படத்தில் உள்ள கைக்குப் பக்கத்தில் காட்டி, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“நாலு வெரலு என்னோடது. இந்தக் கட்டைவெரலு என்னோடது இல்லயே.”

“போட்டோல அது தெரியலைங்கய்யா. நானா வரைஞ்சேன்.”

“தெரியாது. பொடதில இருந்துச்சு.” தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார். “மஞ்சக்காமாலை. ஒரு வருஷம்கூடக் குடித்தனம் பண்ணல. ஒரு போட்டோ கெடையாது. நாடியச் சேத்துக் கட்டியிருந்த துணிய போட்டோவுக்காக அவுத்துட்டாக. தலை நிக்க மாட்டேன்னுச்சு. சாய்ஞ்சு சாய்ஞ்சு விழுகு. நான்தான் பின்னால நின்னு ஒத்தக் கையில ஏந்திப் பிடிச்சிருந்தேன். கழுத்து வலிச்சிரப்படாதுன்னு மெதுவாப் பிடிச்சேன் பாத்துக்கோங்க. அப்ப போய் அந்த நெனப்பு.”

அந்தக் கையைப் பற்றி நான் கொடுத்த பேட்டிகள் ஞாபகம் வந்தன. ஆண் பிடி. உடைமை. என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

“இந்த வெரலு பிடிக்கலயே தாயி. நெரிக்கில்ல செய்யுது. இது யாரு கை?”

“கற்பனைங்கய்யா.”

அவர் இன்னும் குனிந்து பார்த்தார். “நகத்துல குறுக்க ஒரு வெட்டு இருக்கு. நகம் ஒரு பக்கமா வளைஞ்சு வளந்திருக்கு. கற்பனையில இதெல்லாமா வரும்?”

காபி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்து, மறுபடி காய்ச்சி, கொண்டுவந்தபோது அவர் முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். துப்பட்டா தோளில் இல்லை என்பது அவர் தலையைத் திருப்பாமலே காபியை வாங்கியபோதுதான் தெரிந்தது. எடுத்துக் கழுத்தை மூடிச் சுற்றிக்கொண்டேன்.

பெனாசிர் தந்த தாளை நீட்டியதும் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். கையெழுத்தும் போட்டுவிட்டார். போட்டபிறகுதான் கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தக் கண்ண மட்டும் மூடிருங்க.”

“ஐயா...”

“நான் மூடுன கண்ணு அது. இந்தக் கையாலதான் மூடுனேன். ஸ்டூடியோக்காரரு தெறந்து குடுத்துட்டாரு. அவரக் கொறை சொல்லல, ஊர் வழக்கம். ஆனா அது வெள்ளத்தாயி கண்ணு இல்ல. வீட்டுக்குள்ள வேற யாரோ வந்து நின்னு பாத்துக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது வந்தவ பயந்து, துண்டு போட்டு மூடி வச்சிருந்தா. பாவம், அவளும் போய்ட்டா.”

“அந்தக் கை?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

குடையை எடுத்துக்கொண்டார். “அது என்னோடது இல்லயே தாயி. அத நான் சொல்லப்படாது. நீங்க பாத்து என்ன செய்யணுமோ செய்ங்க.”

நவம்பர் 26, செவ்வாய்

பெனாசிர் சொன்னது: “கண்ணை மூடினா அது வேற படம்டி. கேலரி கேட்டது இதைத்தானே? கையெழுத்து வாங்கியாச்சு. காட்சி முடியட்டும், அப்புறம் நிதானமா மூடு. அவர் என்ன வந்து பார்க்கவா போறார்?”

பார்க்க மாட்டார். அதுதான் பிரச்சினை.

பிறகு நானே ஜெபசிங்குக்குப் போன் போட்டேன். அந்தக் கண்களைத் துடைத்துவிட்டால் உங்களுக்கு வருத்தமா என்று கேட்டேன். அவர் அம்மா உயிரோடு இருக்கிறாராம். எனக்கு இது தோன்றவேயில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றி இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியுமாம்.

“தொடைச்சிருங்க மேடம்,” என்றார். “எத்தனை பேர் சாவுக்குத்தான் அவங்க முழிச்சிட்டே இருப்பாங்க.”

நவம்பர் 28, வியாழன்

வெயில். துணியெல்லாம் மாடியில்.

பழைய பனியன் துணியில் இரண்டு சொட்டு டர்பென்டைன். ஒரே இழுப்பில் வலது கண் வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. இத்தனை வாரம் இதற்காகவே காயாமல் இருந்தது போல. கறுத்த துணியை மடித்து வைத்துவிட்டு, இமை எப்படி இருக்கும் என்று என் இமையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வரைந்தேன். சாயங்காலத்துக்குள் மூடிவிட்டேன். நெற்றிச்சுட்டியைக் காசாக்கினேன். மெட்டிமேல் துணி கட்டினேன். அறையில் இப்போது யாரும் பார்க்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், நன்றாகவே அழுதேன்.

பிறகு நிமிர்ந்தபோது அந்தக் கட்டைவிரல் தெரிந்தது. கண் மூடிய பெண்ணின் கழுத்தில் அது இருந்தால் என்ன அர்த்தம்? குருவையா கொன்றார் என்று அர்த்தம். ஏந்திப் பிடித்த மனிதரின் கையில் இந்த விரலை ஒட்டிவிட்டு நான் பேர் வாங்கக் கூடாது.

துணியால் துடைத்தேன், வரவில்லை. டர்பென்டைனை ஊற்றினேன். கத்தியால் சுரண்டினேன். எல்லாவற்றுக்கும் முன்பே காய்ந்துபோன விரல் அது, திருத்தவே தேவைப்படாமல் ஒரே தடவையில் வரைந்தது. கடைசியில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க என் காதுக்குக் கீழே வலித்தது.

நவம்பர் 30, சனி

கேலரிக்குப் புதுப் புகைப்படம் அனுப்பினேன். பெயர் ‘வெள்ளத்தாய்’. கீழே என் பெயர், தேவசகாயம் பெயர், குருவையா பெயர். பதில் உடனே வந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த படம் இதுவல்ல, மன்னிக்கவும். காட்சியைப் பிறகு பார்க்கலாமாம். பிறகு என்றால் இல்லை என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா?

வயிறு எரிகிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

டிசம்பர் 2, திங்கள்

குருவையா வந்து பார்த்துவிட்டுப் போனார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார். படத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “மகன் வீட்ல எங்க வைக்கது? இங்கயே இருக்கட்டும். அப்பப்ப வந்து பாத்துக்கிடுதேன்.” போகும்போது கழுத்தில் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். புது வண்ணம் பூசியும் அங்கே கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது.

சேவு நன்றாகக் காரமாக இருக்கிறது.

முரளி இரண்டு முறை போன் செய்தார். இன்று வாசல் வரை வந்துவிட்டுப் போனதாகக் கீழ்வீட்டுக்காரர் சொன்னார்.

டிசம்பர் 3, செவ்வாய்

பெனாசிர் அலுவலகம். கேஸை முடித்து ஃபைலை மூட, நான் கொடுத்த வாக்குமூலத்தில் திருத்தம் போட வேண்டுமாம். வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். நின்றாள்.

“‘கட்டைவிரல் ஓவியரின் கற்பனை’ன்னு இருக்கு. இப்பதான் விரலே இல்லையே. இந்த வரியை அடிச்சிடவா?”

“கற்பனைங்கறதை மட்டும் அடி,” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். நான் துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஃபேன் காற்று கழுத்தில் பட்டது. அவள் என் காதுக்குக் கீழே பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள்.

“அப்ப யாருது கோதை?”

சொன்னேன்.

அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, மேசை டிராயரைத் திறந்து வேறொரு வெள்ளைத்தாளை எடுத்தாள். பெயரை எழுதினாள். இனிஷியல் கேட்டாள். அதையும் சொன்னேன்.